உயிர் பிழைத்தது போதாதா என்று கேட்பவர்களுக்கு

போன ஆவணியில் பாளையங்கோட்டையில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மறுநாள் மறுவீட்டுப் பந்தி. திருநெல்வேலிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மறுவீடு என்றால் சொதி. தேங்காயை முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிழிந்து, சிறுபருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு, இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் வைப்பார்கள். முகூர்த்தத்துக்கு வராதவன்கூட மறுவீட்டுச் சொதிக்கு வந்துவிடுவான்.

எனக்கும் இலை போட்டார்கள். சோற்றைக் கூழாகப் பிசைந்து, சொதியை ரசம்போல் ஊற்றி, ஒரு வாய் சோறு, ஒரு மடக்குத் தண்ணீர் என்று உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்து இலையில் என் மைத்துனர்.

"சொதி எப்படி இருக்கு அத்தான்?"

"தெரியலை மாப்ளே. இஞ்சி மட்டும் எரியுது. மத்தபடி நனைஞ்ச போஸ்ட் கார்டை மெல்லுத மாதிரி இருக்கு."

"விடுங்க அத்தான். உசிரோட பந்தியில உக்காந்திருக்கியள்லா, அது போதாதா?"

எதிர்வரிசையில் நாலு பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஏழு வருஷமாக ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கோபம் வந்தது. மைத்துனர் மேல் இல்லை, அவர் தங்கமான மனிதர். அந்தக் கேள்வியின் மேல். அது இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

போதாது. அதுதான் என் பதில். ஏன் போதாது என்று சொல்கிறேன்.

பழைய வாசகர்களுக்கு என் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக. ரயில்வே மெயில் சர்வீஸில், மதுரைக் கோட்டத்தில், சார்ட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் கடிதம் பிரிக்கிற வேலை. தூக்கம் வராமலிருக்க வெற்றிலை, வெற்றிலையோடு பாக்கு, பாக்கோடு புகையிலை. அதற்கான பில் 2017-ல் வந்தது. சவரம் பண்ணும்போது கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பார்த்தால் நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய், கழுத்து நெறிக்கட்டிக்கும் பரவியிருந்தது. ஆபரேஷன் வேண்டாம், கதிர்வீச்சும் மருந்தும் போதும் என்றார்கள். வாரத்துக்கு ஐந்து நாளாக ஏழு வாரம், மொத்தம் 35 தடவை, 70 கிரே. கிரே என்பது கதிர்வீச்சை அளக்கிற அலகு. கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற மருந்து ஏற்றினார்கள். கட்டி கரைந்தது. இன்றுவரை திரும்பவில்லை. அதற்காக அந்த மருத்துவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இனி எழுதப்போவதெல்லாம் அந்தக் கும்பிடைக் கீழே போடாமல் எழுதுவதுதான்.

ஆரம்பிக்கும் முன் நாலு பக்கத்துக்கு ஒரு ஆங்கில ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பக்கவிளைவுப் பட்டியலில் ஏழாவதோ எட்டாவதோ வரியாக, சோர்வுக்கும் தோல் கறுப்பதற்கும் நடுவில், 'டிரை மவுத்' என்று இருந்தது. எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். ஆனால் 'வாய் வறட்சி' என்றால் என்ன நினைப்போம்? சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது வருகிற தாகம். ஒரு சோடா குடித்தால் தீர்ந்துவிடும். அப்படி நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ஆக, எழுதியிருந்தார்கள். சொல்லவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

இதில் நம் பங்கும் உண்டு. நம் மொழியிலேயே எச்சிலுக்கு மரியாதை கிடையாது. 'எச்சில் கையால் தொடாதே', 'எச்சில் இலையை எடு' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கௌரவமாக 'உமிழ்நீர்' என்று சொன்னாலும், அதன் பொருள் துப்புகிற தண்ணீர்தான். வள்ளுவர் என்னவோ காமத்துப்பாலில் காதலியின் வாயில் ஊறும் நீரைப் பாலும் தேனும் கலந்ததுபோல என்று கொண்டாடியிருக்கிறார். நமக்கு அது துப்புகிற சமாசாரம். துப்புகிற ஒன்று போனால் என்ன நஷ்டம் என்றுதான் கேட்கத் தோன்றும்.

நஷ்டத்தைக் கேளுங்கள். காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் என்று மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள் நமக்கு உண்டு. இவற்றோடு உதட்டிலும் கன்னத்திலும் நூற்றுக்கணக்கில் குட்டிச் சுரப்பிகள். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர் ஊறுகிறது. உணவை ஈரமாக்கி வழுக்கிக்கொண்டு போக வைப்பது அது. வாயில் சேரும் அமிலத்தை முறிப்பது அது. கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொடுத்துப் பல்லைக் காப்பது அது. கிருமியை அடக்குவது அது. ருசி தெரிவதும் அதனால்தான். உப்போ புளிப்போ அந்த நீரில் கரைந்தால்தான் நாக்கின் சுவை மொட்டுக்குப் போய்ச் சேரும். காய்ந்த நாக்கில் சர்க்கரையை வைத்துப் பாருங்கள், மணல் மாதிரி இருக்கும்.

கழுத்துக்கும் வாய்க்கும் கதிர்வீச்சு கொடுத்தால் இந்தச் சுரப்பிகள் முதல் வாரத்திலேயே சுருங்க ஆரம்பித்துவிடுகின்றன. எனக்கு இரண்டாம் வாரம் காபி கசந்தது. மூன்றாம் வாரம் எல்லாமே இரும்பை நக்குவதுபோல ஆயிற்று. ஐந்தாம் வாரம் எதற்கும் எந்த ருசியும் இல்லை. வாயில் ஊறிய கொஞ்சநஞ்சமும் போஸ்ட் ஆபீஸ் கோந்து மாதிரி இழுபட்டது. விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு முப்பத்து நாலு வருஷம் கடிதம் பிரித்தவன் நான். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து, செய்தித்தாளைப் புரட்டப் பழக்கதோஷத்தில் விரலை நாக்குக்குக் கொண்டுபோனேன். விரல் காய்ந்தபடியே திரும்பி வந்தது. அப்போதுதான் எனக்கு முதன்முதலாக அழுகை வந்தது.

இதெல்லாம் என் கஷ்டம், நான் பட்டுக்கொள்கிறேன். 'போதாதா' என்ற கேள்வி எனக்கு எரிச்சல் மூட்டுவது இதனால் மட்டும் இல்லை. என்னோடு சேர்ந்து இன்னொருத்தி பட்டாளே, அதனால்தான்.

சிகிச்சை முடிந்த மூன்றாவது மாதம். 68 கிலோ இருந்த நான் 54-க்கு வந்திருந்தேன். வீட்டுக்காரி எதைச் செய்து வைத்தாலும் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான், "உப்பே இல்லை." அவள் ஒரு சிட்டிகை கூடப் போட்டாள். மறுநாளும் உப்பே இல்லை என்றேன். ஒருநாள் தட்டை நகர்த்திவிட்டு, "நாப்பது வருஷம் சமைச்சும் உப்புப் போடத் தெரியலையா?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்துத் திருச்சியிலிருந்து மகள் வந்தாள். குழம்பை ஒரு வாய் வைத்தவள் துப்பிவிட்டாள். "என்னம்மா இது, கடல்தண்ணி மாதிரி இருக்கு! இதையா சாப்பிடுத?" அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. எனக்கென்று தனியாகச் சமைத்தால் நான் இன்னும் நொந்துபோவேன் என்று, எனக்குப் போட்ட அதே உப்பைத்தான் அவளும் ஒரு மாதமாகச் சாப்பிட்டிருக்கிறாள். அவளுக்கு இரத்தக் கொதிப்பு. மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று. மகள் என்னிடம் பத்து நாள் பேசவில்லை. அவள் பேசாமலிருந்தது நியாயம்தான்.

'கதிர்வீச்சு முடிந்தபின் சில மாதம் இவருக்கு உப்பு தெரியாது, கேட்டால் போடாதீர்கள், உங்கள் சமையலில் குறை இல்லை' என்று ஒரே ஒரு ஆள் என் மனைவியிடம் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. அதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. சொல்லவில்லை. கேட்டால், உயிரைக் காப்பாற்றினோமே, அது போதாதா?

அடுத்தது பல். முறுக்கைக் கடித்துப் பல் உடைந்தால் அதிலாவது ஒரு பெருமை இருக்கும். என் பல் இட்லி தின்று உடைந்தது. இரண்டாம் வருஷம் தீபாவளிக்கு முந்தைய வாரம், முன்பல் ஒன்று ஈறோடு சேர்கிற இடத்தில் வெட்டிவிட்டதுபோல விழுந்தது. வலிகூட இல்லை. கண்ணாடியில் பார்த்தால் எல்லாப் பல்லுக்கும் அடியில் பழுப்பாக ஒரு வளையம்.

ஜங்ஷன் பக்கம் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன். என் மகள் வயசு இருக்கும். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

"ரேடியேஷன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்களைப் பல் டாக்டர்கிட்ட யாரும் அனுப்பலையா சார்?"

"இல்லையேம்மா."

"வாய் காயாம இருக்க என்ன பண்ணுறீங்க?"

"புளிப்பு மிட்டாய் சப்புவேன். ஒரு நாளைக்குப் பத்து."

"யாரு சார் சொன்னா?"

யார் சொல்லவில்லை? பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். புளிப்பு சப்பினால் ஊறும் என்றார்கள். ஊறும், ஊறுவதற்குச் சுரப்பி இருந்தால். எச்சில் இல்லாத வாயில் சர்க்கரையையும் அமிலத்தையும் ஒரு வருஷம் ஊறப்போட்டிருக்கிறேன். கழுவிவிடத் தண்ணீர் இல்லாத கழுநீர்த் தொட்டிதான் என் வாய். தேனைக் கொப்பளி, நெல்லிக்காயை அடக்கிக்கொள் என்பவையும் இதே கதைதான்.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிறகு பல்லைப் பிடுங்கினால் அந்தப் புண் ஆறாமல் போய், எலும்பே செத்துப்போகலாம். அதனால்தான், பிடுங்க வேண்டிய பல்லை எல்லாம் கதிர்வீச்சு தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னாலேயே பிடுங்கி, புண் ஆறிய பிறகு ஆரம்பிக்க வேண்டும். மீதிப் பல்லுக்கு அன்றிலிருந்தே தினமும் ஃபுளோரைடு ஜெல் வைக்க வேண்டும், ஆயுசு முழுக்க. இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை சார், நாங்க காலேஜ்ல படிக்கிற பாடம் என்றாள்.

என் பல்லைப் பிடுங்க அவள் பயந்தாள். பதினொரு பல்லுக்கு வேர்சிகிச்சை செய்து, மேலே இருப்பதை ஈறு மட்டத்துக்குச் சீவி, வேரை உள்ளேயே விட்டுவிட்டாள். பென்ஷன் பணத்தில் எட்டு மாதம் தவணை கட்டினேன். ஆயினும் நான் அதிர்ஷ்டசாலி, எனக்குத் தாடை போகவில்லை.

இப்போது எதிர்க்கட்சியின் வாதத்துக்கும் காது கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற மருத்துவர், நல்ல நண்பர், நான் இப்படிப் பேசினால் மூன்று பதில் சொல்வார்.

முதலாவது, "எல்லாத்தையும் விலாவாரியாச் சொன்னா நோயாளி பயந்து ஓடிருவான். அப்புறம் புத்துநோய் தின்னுரும்." இது நியாயமான பயம்தான். ஓடிப்போய்க் கஷாயம் குடித்துச் செத்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் கேட்பது, சிகிச்சை வேண்டாம் என்று சொல்வதற்கான தகவல் இல்லை. சிகிச்சை எடுத்துக்கொண்டே பல்லைக் காப்பாற்றுவதற்கான தகவல். எல்லாம் தெரிந்திருந்தாலும் அந்த 35 நாளும் நான் போய்ப் படுத்திருப்பேன். அதற்கு முந்தின மாதம் பல் டாக்டரிடம் போயிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது, "ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிற இடத்துல உக்காந்து கதை சொல்ல நேரம் எங்கே?" இதுவும் உண்மைதான். டாக்டர் சொல்ல வேண்டாம். தமிழில் ஒரே ஒரு தாள், இரண்டு பக்கம் அச்சடித்து, கதிர்வீச்சு அறைக்கு வெளியே மணிக்கணக்கில் காத்திருக்கிறோமே, அப்போது கையில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவனுக்குப் பக்கத்து நாற்காலிக்காரன் படித்துக்காட்டுவான். நம் ஊரில் காத்திருக்கிற நேரத்துக்கா பஞ்சம்?

மூன்றாவது, "இப்பத்தான் புது மெஷின் எல்லாம் வந்தாச்சே." ஆமாம், வந்திருக்கிறது. ஐ.எம்.ஆர்.டி. என்கிறார்கள். கதிரை வளைத்து வளைத்துக் கொடுத்து, காதுக்கு முன்னால் இருக்கும் சுரப்பியில் முடிந்தவரை குறைவாகப் படும்படி செய்கிற முறை. பிரிட்டனில் 94 நோயாளிகளை வைத்து நடந்த பார்ஸ்போர்ட் என்ற ஆய்வு 2011-ல் வெளியானது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பழைய முறையில் 74 சதவீதம் பேருக்குத் தொல்லை தரும் அளவுக்கு வாய் வறட்சி. புது முறையில் 38 சதவீதம். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் புது முறையிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் மாட்டிக்கொள்கிறார். அவர்களுக்கும் பல் உண்டு, அவர்களுக்கும் சமைத்துப் போட ஒருத்தி உண்டு. என் கோப்பை எடுத்துப் பார்த்தால், எனக்குக் கொடுத்தது பழைய முறை. இரண்டு முறை இருக்கிறது என்பதே அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பணம் கட்டியிருப்பேனா என்பது வேறு விஷயம். கேட்கவே தெரியாமல் போயிற்றே.

இந்தப் 'போதாதா' எங்கிருந்து வந்தது என்றும் யோசித்துப் பார்த்தேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது 1954-ல். (நான் சிகிச்சை பெற்றது அங்கே அல்ல.) நான் சிறுவனாக இருந்தபோது, "அடையாறுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க" என்று யாரைப் பற்றியாவது சொன்னால், அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அந்த நோய்க்காரர் வீடு திரும்பினார் என்பதே தெருவுக்கெல்லாம் செய்தி. அந்தக் காலத்தில் 'உசிரோட வந்தாரே, போதும்' என்றது சரி. இன்றைக்கு என்னைப்போலப் பலர் ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று இருக்கிறோம். எங்களுக்குத் தினமும் மூன்று வேளை சாப்பாடு உண்டு. ஏழு வருஷத்தில் அது எத்தனை வேளை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேளையும் ஒரு பரீட்சை. காலம் மாறிவிட்டது, கேள்வி மட்டும் மாறவில்லை.

சரி, கோபப்பட்டது போதும். இந்த வழியில் வரப்போகிறவர்களுக்கு, பட்டவன் என்ற முறையில் சில விஷயம். டாக்டருக்குப் பதில் இல்லை இது, டாக்டரிடம் கேட்பதற்கான பட்டியல்.

1. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு என்று சொன்ன அன்றே, "ஆரம்பிக்கும் முன் பல் டாக்டரைப் பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். "என் எச்சில் சுரப்பியைக் காப்பாற்ற வழி உண்டா?" என்றும் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

2. சர்க்கரை மிட்டாய், புளிப்பு மிட்டாய் வேண்டாம். சாராயம் கலந்த வாய் கொப்பளிப்பு மருந்தும் வேண்டாம், இன்னும் காயும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் ஸ்பூன் ஆப்ப சோடா, அதில் பாதி உப்பு போட்டு, ஒரு நாளைக்குப் பல தடவை கொப்பளியுங்கள். காசில்லாத மருந்து. இன்றும் செய்கிறேன்.

3. வாய் எரிச்சலும் வெள்ளைப் படலமும் இருந்தால் அது காளான் தொற்றாக இருக்கலாம். நான் அதையும் 'கதிர்வீச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று இரண்டு மாதம் பொறுத்துக்கொண்டேன். மருந்து கொடுத்ததும் ஒரு வாரத்தில் போய்விட்டது.

4. பைலோகார்பின் என்று ஒரு மாத்திரை உண்டு. இந்த வறட்சிக்காக அமெரிக்காவில் 1994-லேயே அனுமதிக்கப்பட்டது. சுரப்பியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால் ஊற வைக்கும். எனக்கு ஓரளவு கேட்டது, ஆனால் மார்கழியிலும் வேர்த்துக் கொட்டியது. ஆஸ்துமாவும் சிலவகைக் கண் அழுத்த நோயும் உள்ளவர்களுக்கு ஆகாது. டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

5. தாடை இறுகிப்போகாமல் வாயைத் திறந்து மூடும் பயிற்சியைச் சிகிச்சையின்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் விட்டுவிட்டேன். இன்று முழு இட்லித் துண்டு உள்ளே போகாது.

6. சாப்பாடு எல்லாம் மூழ்க வேண்டும். சாம்பாரில் மூழ்கிய இட்லி, மோரில் கரைத்த சோறு, கூழ், கஞ்சி. அப்பளம், வறுவல், சுண்டல் பிரசாதம் எல்லாம் தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். கோவிலில் சுண்டலை வேண்டாம் என்று சொன்னதற்கு ஒரு மாமி என்னை நாஸ்திகன் என்றே முடிவு கட்டிவிட்டாள். துளசித் தீர்த்தம் கொடுத்தால் இரண்டு உத்தரணி கூடவே வாங்கிக்கொள்வேன்.

7. வீட்டில் சமைக்கிறவரைக் கட்டாயம் ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். உப்பு, காரம் சரியா என்று பார்க்கிற பொறுப்பு அந்த வீட்டில் வேறு ஒருவருடையதாக இருக்கட்டும். நோயாளியின் நாக்கைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

ருசி திரும்புமா என்று கேட்பீர்கள். பலருக்குச் சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது, சிலருக்கு முழுசாகத் திரும்புவதில்லை. எனக்கு ஐந்தாம் மாதம் உப்பு வந்தது, ஒரு வருஷத்தில் புளிப்பு வந்தது. இனிப்பு இன்னும் பாதி வழியில் நிற்கிறது. அல்வாவை வழுக்கிக்கொண்டு போகிற ஒரு பொருளாகத்தான் அறிவேன். ருசி ஓரளவு வந்தும் எச்சில் வரவில்லை. கரைக்க ஆள் இல்லாததால், வந்த ருசியும் நல்ல நாளில்தான் தெரியும். பந்தியில் அன்று தெரியவில்லை. ராத்திரி நாலு தடவை எழுந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறேன். அதைக் குடித்ததற்காக இன்னும் மூன்று தடவை எழுந்திருக்க வேண்டும். இந்த வயசில் இது வேறு தனிக் கதை, ஆண்களுக்குப் புரியும்.

இரண்டு வருஷம் முன்பு எங்கள் தெருக்கோடியில் கடை வைத்திருக்கிறவருக்கு இதே நோய், இதே சிகிச்சை. விஷயம் கேள்விப்பட்ட அன்றே அவரை ஸ்கூட்டரில் ஏற்றி அந்தப் பல் டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் விட்டேன். மோசமான இரண்டு பல்லைப் பிடுங்கினாள். புண் ஆறும்வரை காத்திருந்து கதிர்வீச்சுக்குப் போனார். தினமும் ஜெல் வைக்கிறார். அவருக்கும் வாய் காய்கிறது, அவரும் பாட்டிலோடுதான் திரிகிறார். ஆனால் சிரிக்கும்போது பல் இருக்கிறது. அவர் வீட்டுக்காரம்மாவிடம் உப்பு விஷயத்தை என் மனைவிதான் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

இதற்கு ஒரு ஸ்கூட்டரும் அரைமணி நேரமும் போதுமாக இருந்தது. பெரிய மருத்துவமனைகளால் இது முடியாதா?

நம்மைப் போன்ற பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒருவர் பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால், 'உசிரோட இருக்கியளே' என்று சொல்லாதீர்கள். உயிரோடு இருப்பது அவருக்குத் தெரியும். அவர் டம்ளரில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பரிமாறுகிறவரைக் கூப்பிடுங்கள். இன்னொரு கரண்டி சொதி ஊற்றச் சொல்லுங்கள், சோறு மூழ்கும்படியாக. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை இலையை மூடாமல் கூட உட்கார்ந்திருங்கள். அது போதும்.